வேலை நாளில் நன்றாக மூச்சு விட்டவர்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையின் முக்கால்வாசி நான் பார்த்தது. குவோப்பியோ என்ற வடதேசத்து ஊரில் ஓர் அடுமனையில் பதினோரு வருடம் ரொட்டித் தட்டு கழுவினேன். அங்கே மூச்சை அளக்க ஒருத்தி வந்தாள். பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

தொடக்கம்: "மாவுத்தூசி பனியைப் போல…"

சீ, வேண்டாம். பனியில் பாதி வருடம் அவதிப்படுகிறவன் இப்படி எழுதமாட்டான்.

2

மார்கெத்தா தொழில் நோய்களைத் தடுக்க வழி தேடும் ஆய்வாளர். மாவில் கை வைக்கும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மூச்சளக்கும் குழல் கொடுத்தாள். மூன்று வாரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஓங்கி ஊதி, முள் காட்டும் எண்ணைத் தாளில் குறிக்க வேண்டும். வேலை நாளில் எண் இறங்கி விடுமுறையில் ஏறினால், குற்றவாளி மாவு. அதை நிரூபித்தால் பிசையும் இயந்திரத்துக்கு மூடி போடவைக்கலாம்.

மாவு பிசையும் தௌனோவின் தாள் மட்டும் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை முந்நூற்று நாற்பது. வேலை நாட்களின் சராசரி நானூற்று எழுபது. மனிதர் இருமுவதோ ஊருக்கே கேட்கும்.

(மார்கெத்தாவை இங்கே மேதையாக்க எனக்கு ஆசை. ஆனால் அவள் குழல் பழுது என்று நினைத்து வேறு குழல்தான் கொடுத்தாள்.)

3

ஒருநாள் சொல்லாமல் வந்தாள். தட்டடுக்குக்குப் பின்னால் தௌனோவின் குழலை ஊதிக்கொண்டிருந்தது ரைலி. ரைலி அடுப்பு பார்ப்பவள், தேவாலயத்தில் பாடுபவள். மாவில் கை வைக்காததால் ஆய்வில் அவள் இல்லை. தௌனோ பக்கத்தில் நின்று எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று மார்கெத்தா எரிச்சலோடு கேட்டாள். அன்றைக்குத் தனக்குப் பாட்டு இருக்கிறது என்றாள் ரைலி, கொஞ்சமும் வெட்கப்படாமல் சிரித்துக்கொண்டே.

"நோய்னு எழுதிட்டா என்னை மாவுப் பக்கமே விடமாட்டாங்க," என்றார் தௌனோ. "அம்பத்தாறு வயசுல நான் எங்கேம்மா போவேன்?"

மார்கெத்தா தாளைக் கிழிக்கத்தான் எடுத்தாள்.

[இங்கே ஒரு பத்தி ஆய்வு நெறி பற்றி எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கு நஷ்டமில்லை.]

இதுவரை சராசரியையே பார்த்தவள், அப்போதுதான் எண்களை வரிசையாகப் படித்தாள். காலையில் ஐந்நூற்றுப் பத்து. பிறகு நானூற்று எண்பது. வேலை முடியும்போது நானூற்று முப்பது. ஒவ்வொரு வேலை நாளும் அப்படியே.

"இது உங்க மூச்சு இல்லயே, தௌனோ," என்றாள். "அப்ப இறங்கறது யாரோடது?"

தௌனோ ரைலியைப் பார்த்தார். ரைலிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

4

முடிவு ஒன்று: பொய்த் தாள் ஆய்வில் செல்லாது, ரைலிக்காகத் தௌனோ தன் குழலைத் தானே ஊதுகிறார், மூடி வருகிறது, அவர் வேலை போகிறது.

முடிவு இரண்டு: தௌனோ தாளை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்கிறார், மூடி வரவில்லை. மூன்று பேரும் காப்பி குடிக்கப் போகிறார்கள்.

நடந்தது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும், சொல்லமாட்டேன். நீங்களே எழுதுங்கள். நிதானமாக யோசிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ரைலி அங்கேதான் நிற்கிறாள்.