இந்த வருஷத்து வேஷம்

சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் கிழிந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு தரையில் உட்கார்ந்திருந்தான் இசக்கிதுரை. குலசை என்று சொல்லும் குலசேகரன்பட்டினத்து அம்மன் கோவில் தசராவுக்கு மாலை போட்டவர்கள், நேர்ந்துகொண்ட வேஷத்தில் ஊர் ஊராகத் தர்மம் எடுப்பார்கள். போன வருஷம் அவன் போலீஸ். இந்த வருஷம் பைத்தியக்காரன்.

அவன் மனைவி நித்யாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஏட்டி, உன் வீட்டுக்காரரு என்னமா நடிக்காரு" என்று பக்கத்து வீட்டு முத்துராணி அவள் தோளை இடித்தாள். "நீ படுத்துத பாட்டுல கத்துக்கிட்டாரோ?"

"போங்கக்கா."

டீக்கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "ஏலே பைத்தியம், உனக்கு என்னலே செய்யுது?"

"தூக்கம் வரமாட்டேங்கு அண்ணாச்சி" என்றான் இசக்கிதுரை. "படுத்தா நெஞ்சுல ஆள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. மில்லுல மூட்டை தூக்குதேன், எல்லார்ட்டயும் சிரிக்கேன். பிள்ளைய மடியில வச்சாலும் மனசுல ஒண்ணுமே தோணல. ஆத்துப் பாலத்துல போகையில கீழ பாக்கப் பயமா இருக்கு."

கை தட்டினார்கள். நித்யா தட்டவில்லை. புழுக்கம் என்று சொல்லி அவன் ராத்திரியெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தது புழுக்கத்தால் அல்ல. குடி கிடையாது, வேலைக்கு ஒருநாளும் தவறியதில்லை, அதனால் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நினைத்திருந்தாள். மனசு கெட்டால் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுவார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிப்போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஜோடியும் வந்துட்டுவே" என்று யாரோ சிரித்தார்கள்.

"இது நடிப்பா?" மெல்லக் கேட்டாள்.

அவன் சாக்கை இழுத்து மூடிக்கொண்டான். "வீட்டுல சொன்னா நீ பயந்துருவ."

"பயமாத்தான் இருக்கு. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"குலசைக்குப் போயிட்டு வந்து பாப்போம், நித்யா. நேர்ச்சை."

"ஆத்தா கோவிச்சா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். முத்துராணியின் சிரிப்பு அப்படியே நின்றது. திருநெல்வேலி பஸ் வந்தது. சாக்கும் கரியுமாக அவனை ஏற்றி, சன்னலோரம் உட்காரவைத்தாள்.

"தர்மமா, டிக்கெட்டா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

"ரெண்டு டிக்கெட்டு" என்றாள் நித்யா. "பெரியாஸ்பத்திரிக்கிட்ட இறக்கி விடுங்கண்ணே."