கழற்றிவிட்ட சென்சார்

பலகைத் தொழிற்சாலையின் தேய்ப்புப் பிரிவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். உடன்பிறந்த தம்பியும் அங்கேயே மெக்கானிக்காக இருந்தான். அவனுக்காக மேனேஜரிடம் நடையாய் நடந்து வேலை வாங்கித் தந்தவள் அவள். அவனுடைய மனைவி அவளுக்குப் பக்கத்து மெஷினில் நின்றாள்.

பலகையைத் தேய்க்கும்போது பறக்கும் மரத்தூள் மாவைவிட மென்மையானது. குழாய் அதை உறிஞ்சி வெளியே இருக்கும் தொட்டியில் சேர்க்கும். பலகையில் ஆணி ஏதும் உரசித் தீப்பொறி கிளம்பினால், அது தொட்டிக்குப் போய்த் தூள் வெடித்துவிடாமல் இருக்க, குழாயில் இருக்கும் சென்சார் தண்ணீரைப் பீய்ச்சி மெஷினை நிறுத்திவிடும். கொஞ்ச காலமாக அது பொறியே இல்லாமலும் நிறுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் மேனேஜர் வந்து கத்திவிட்டுப் போவார். சுமை ஏற்றுகிறவன் ஒருவன் இருந்தான், வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "சென்சாருக்கும் நம்மளை மாதிரி அப்பப்ப காலை நீட்டணும்போல இருக்கு" என்பான்.

திடீரென்று ஒரு வாரம் மெஷின் நிற்கவே இல்லை.

"சரி பண்ணிட்டியாடா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"புது பார்ட் போட்டாச்சுக்கா. நான் இருக்கேன்ல, நீ எதுக்குப் பயப்படறே?"

அதே வாரம் அவன் மனைவியை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பேக்கிங் கொட்டகைக்கு மாற்றினார்கள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான் தம்பி. பாவம், அங்கேயாவது நிம்மதியாக மூச்சு விடட்டும் என்று அக்காவும் சந்தோஷப்பட்டாள்.

ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே தொட்டிப் பக்கம் 'தும்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. ஆனால் கட்டடம் அதிர்ந்தது. கூரை உத்தரங்களில் வருடக்கணக்காகப் படிந்திருந்த தூள் மொத்தமாகச் சரிந்து, எதிரே நிற்பவர் முகம் தெரியாமல் காற்றை நிறைத்தது. யாரோ அவள் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார்கள். "ஓடுக்கா." ரேடியோவின் குரல். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அந்தக் காற்றே தீப்பிடித்தது.

அவளுக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. ரேடியோ வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பி அவளுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினான். ஊட்டும்போதே அழுதான். அவன் அழுவதைப் பார்த்து இவளும் அழுதாள்.

மறுநாள் அவன் மனைவி வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள். "எனக்குத் தூசி ஒண்ணும் பண்ணலை அண்ணி. உங்களை விட்டுட்டுப் போகமாட்டேன்னு எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? 'சொன்னா கேளு, அங்க நிக்காதே'ன்னு ஒரே பிடிவாதம். என் நல்ல நேரம்..." பேசிக்கொண்டே வந்தவளின் கை, சீப்போடு அப்படியே நின்றது. சொன்னது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். கஞ்சிப் பாத்திரத்தைத் திறக்கப் போனவனிடம், "புது பார்ட் போட்டியா?" என்று கேட்டாள்.

அவன் மூடியைத் திருப்பி மூடினான். "மேனேஜர் ஒயரைக் கழட்டிடச் சொன்னாருக்கா. பார்ட் வர்ற வரைக்கும்தான்னாரு."

"அவளை மட்டும் எதுக்கு மாத்தினே?"

"ரெண்டு பேரையும் சேர்த்து மாத்தினா சந்தேகம் வரும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? எல்லா மெஷினையும் நிறுத்தியிருப்பே."

"ஆமா, நிறுத்தியிருப்பேன். ரேடியோ இப்ப எங்கயாவது பேசிக்கிட்டிருப்பான்."

விசாரணைக்கு வருகிறவர்களிடம் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடும்படி அவன் கெஞ்சினான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பதை ஊரார் கதையாகத்தான் அதுவரை கேட்டிருந்தாள். அறுத்தவன் கையால்தான் கஞ்சி குடித்திருந்தாள்.

வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் மேலும் தம்பி மேலும் வழக்குப் போட்டார்கள். தொழிற்சாலை மறுபடி திறந்தபோது, அழுத்தம் வெளியேற வழி வைத்த புதுத் தொட்டி வந்தது. உத்தரங்களில் தூள் படியவிடாமல் உறிஞ்சி எடுக்க ஆள் போட்டார்கள். ஒயரைக் கழற்றினால் மெஷினே ஓடாதபடி மாற்றினார்கள். அக்காவின் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. சென்சாரைச் சோதித்துப் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அம்மா ஃபோனில் மன்றாடினாள். "ஒரு வயித்துல பொறந்தவன்டி. கேஸ்ல அவனைக் காட்டிக் குடுத்துட்டியே."

"ஒரு வயித்துல பொறந்தவன்னுதாம்மா நம்பினேன்" என்றாள் அக்கா. அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா ஃபோனை வைத்தாள்.