தானாக முன்வந்து

...எச்சில் தொட்டுத்தான் புரட்டுவாரா இந்த மனிதர், அதுவும் தவளையின் மருத்துவமனைக் காகிதங்களை, விரல் நாக்குக்குப் போகிறது, தாளுக்கு வருகிறது, மறுபடி நாக்குக்கு, குமட்டுகிறது எனக்கு, சாக்கடை கலந்த வெள்ளத்தில் இடுப்பளவு நின்றபோதுகூட இப்படிக் குமட்டவில்லை. காப்பீட்டு அலுவலகம், மூன்றாவது கவுண்டர், மேஜைமேல் பிளாஸ்டிக் பூ, பூமேல் தூசு, அறை முழுக்க எலுமிச்சை ஸ்பிரே, அதற்கு அடியில் யாரோ கழற்றிப்போட்ட சாக்ஸின் வாடை. பக்கத்து நாற்காலியில் தவளையின் மனைவி, கைப்பைக்குள் அடங்காமல் எக்ஸ்ரே உறை தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. இன்று மாலைக்குள் இவர் ஒரு முத்திரை குத்தினால் நாளைக் காலை அவனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை, குத்தாவிட்டால் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு முத்திரை... அதற்கு இத்தனை எச்சில்.

தவளை என்பது நாங்கள் வைத்த பெயர், வெல்டிங் பட்டறைக்காரன், தண்ணீர் என்றால் முதல் ஆளாக இறங்குவான். எங்கள் மீட்புக் குழுவில் பதினோரு பேர், எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு, எனக்கு டயர் கடை, தலைவர் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு விசில். சம்பளம் இல்லை, காப்பீடு உண்டு என்றார்கள். உண்டாம். "பாலிசில தெளிவா இருக்கு சார். தலைவர் அனுப்பிப் போனா கவர் ஆகும், அவராப் போனா ஆகாது. அறிக்கையில நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, 'தானாக முன்வந்து இறங்கினார்'னு," என்றார் கவுண்டர்க்காரர். அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. நாங்க தன்னார்வலர்கள் சார், தானா வர்றதுதான் எங்க வேலையே என்றேன். "அதான் சார் பிரச்சினையே," என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார், பல்லிடுக்கில் பிஸ்கட் மாவு, நான் பூவைப் பார்த்துக்கொண்டேன். தானாக முன்வந்து... அது எங்கள் குழுவின் மெடல் ஐயா. சம்பளமில்லாதவனுக்கு வேறு என்ன கொடுப்பது? ஒவ்வொரு மீட்புக்குப் பிறகும் அறிக்கையில் யாராவது ஒருவனுக்கு அந்த வரியை எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசிப்பேன், கைதட்டுவார்கள், அந்த ஆள் காது சிவந்து உட்கார்ந்திருப்பான். பத்து வருடமாக இப்படித்தான். பத்து வருடமாக ஒவ்வொருவனுடைய காப்பீட்டையும் என் கையாலேயே கிழித்துக்கொண்டிருந்தேனா, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொடுத்தேனா... த்தூ.

"அண்ணே," என்றாள் தவளையின் மனைவி, குரலை உயர்த்தாமல், "வீட்ல தண்ணி கேன் மாத்த அந்த மனுசனுக்கு நாலு தடவ சொல்லணும். அவரு தானாப் போனாராக்கும்." கவுண்டர்க்காரர் இதற்கும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "நீங்க என்னண்ணே சொன்னீங்க அப்ப?"

என்ன சொன்னேன்? அடுக்குமாடியின் நிலத்தடி கார் நிறுத்தம், பிற்பகல் மூன்று மணி, மழை, சரிவுப் பாதை வழியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஒரு காரின் கூரைமேல் காவலாளி நின்று கத்துகிறார், கயிறு வேனில், வேன் போக்குவரத்து நெரிசலில், தீயணைப்புக்காரர்கள் போனில், 'பத்து நிமிசம் பொறுங்க, யாரையும் எறக்காதீங்க'. தவளை சட்டையைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான், "எறங்கவா தலைவரே?" இறங்கு என்று நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும்... போனைக் காதிலிருந்து எடுக்காமலே "உன் இஷ்டம்" என்றேன். இறங்கினான். காவலாளியை மேலே தள்ளிவிட்டான், திரும்புகிற நேரத்தில் சரிவின் பக்கச்சுவர் இடிந்து அவன் முதுகில் விழுந்தது.

உன் இஷ்டம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இதை, கடன் சொல்லும் வாடிக்கையாளரிடம், ஊருக்குப் போகட்டுமா என்று கேட்கிற மனைவியிடம், ஒரு தடவையாவது எதிராளியின் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறேனா? போ என்கிற சொல்லைக் கையுறை போட்டுக்கொண்டு சொல்வதுதானே அது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், ஈரம் சொட்டச் சொட்ட, அறிக்கையை ஏன் அத்தனை அவசரமாக எழுதினேன், கூட்டத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்ததே... அவனுக்கு மெடல் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா?

கவுண்டர்க்காரர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "விளக்கக் கடிதம் குடுங்க. அனுப்பினது நீங்கன்னா அனுப்பினேன்னு எழுதுங்க. கயிறு இல்லாம ஏன் அனுப்பினேன்னு அப்புறம் உங்களத்தான் கேப்பாங்க, போலீஸ்கூட வரலாம், அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல." மணி நாலரை. அவள் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் என்ன? 'உன் இஷ்டம் என்றேன்.' முதல் வார்த்தையை எழுதிவிட்டுத்தான் பார்த்தேன், தாளில் அந்தக் குரல் வராது, அந்த அவசரம் வராது, தாளில் அது வெறும் அவன் இஷ்டம், இன்னொரு சிவப்புக் கோடு. நடந்த உண்மையைச் சொல்ல நான் சொல்லாத ஒரு வார்த்தையைத்தான் எழுதியாக வேண்டும், 'இறங்கு' என்று. நாலே எழுத்து. எழுதாமல் நிற்கிறது பேனா, பொய் சொல்லத் தயங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், எவ்வளவு சுத்தமான காரணம்...