கக்கூஸைப் படம் பிடித்த மருமகன்

செல்லசாமிக்கு அவனை வந்த அன்றைக்கே பிடிக்கவில்லை. இத்தனைக்கும் தங்கை மகன்தான். இலங்கையில் நடந்த எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு கப்பல் ஏறி இந்தியா போன தங்கைக்குக் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். முருகவேல் என்று பெயர். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து அவன் வாய் இந்தியாவைப் புகழ்ந்துகொண்டே இருந்தது.

"ரேசன் அரிசி சும்மா மாமா. பொம்பளைகளுக்கு பஸ்ஸு சும்மா. ஆஸ்பத்திரியும் சும்மா."

"இங்கயும் ஆஸ்பத்திரி சும்மாதான். மருந்துதான் வெளியில வாங்கணும்," என்றார் செல்லசாமி.

ஒரு நாட்டைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்கிறவன் ஏதோ விற்க வந்தவன் என்பது அவர் எண்ணம். இவனோ எடுத்துப் போக வந்திருந்தான். கூடலூரில் பிக்கப் ஓட்டும் தன் மகனுக்குப் பேத்தி சுலக்ஷனாவைக் கேட்டான். முறை சரிதான். டைல்ஸ் போட்ட வீடு என்றதும் மருமகள் நாகலெட்சுமி உருகிப்போனாள். கொழும்பில் கடையில் நிற்கும் மகனோ, "அப்பா சொல்றதுதான்" என்று போனிலேயே ஒதுங்கிக்கொண்டான்.

பக்கத்துக் கொத்மலையில் பிள்ளையைக் கொடுத்தால், ஏதாவது ஒன்று என்றால் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடலாம். கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதால் யாருக்குக் கேட்கும்?

அதிலும் இவன் போக்கு சரியில்லை. வருகிறவர்கள் எல்லாம் மலையைப் படம் எடுப்பார்கள். இவன் ஒழுகும் மூலையை எடுத்தான். கூரைத் தகரத்தின் மேல் வைத்த கல்லை எடுத்தான். ஒருநாள் காலை லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கக்கூஸ் கதவைத் திறந்து வைத்து, குனிந்து, போனை நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன மருமவனே, உள்ள சாமியா தெரியுது?"

முருகவேல் திடுக்கிட்டான். "சும்மா மாமா, ஒரு ஞாபகத்துக்கு."

"கக்கூஸ ஞாபகம் வச்சிக்கிற மனுசன இன்னைக்கித்தான் பாக்குறேன்."

எடுத்த படத்தையெல்லாம் அவன் ராத்திரியில் மனைவிக்கு அனுப்புவதைச் செல்லசாமி கவனித்திருந்தார். அன்று சாயங்காலம் எல்லோரும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுவிட்டார். "ஒம் பொஞ்சாதிக்கு போன் போடு. சத்தமா வையி, நான் பேசணும்."

மறுக்க வழியில்லாமல் போட்டான்.

"எதுக்கும்மா ஒனக்கு எங்க கக்கூஸ் படம்?"

முருகவேல் கையை ஆட்டினான். போனுக்குக் கை தெரியுமா?

"நாந்தான் எடுக்கச் சொன்னேன் பெரியப்பா," என்றாள் அவள், கூச்சமே இல்லாமல். "இங்க ரெண்டு பொண்ணு பாத்தோம். ரெண்டும் எங்க வீட்டப் பாத்துட்டு வேணாம்னு போயிருச்சி. எங்களுக்கும் லயம்தான். பொழுது சாஞ்சா ஆனை வந்துரும், வெளிய காலு வைக்க முடியாது. ஒங்க வீடு இதவிட மோசமா இருந்தாத்தானே பொண்ணு எங்ககிட்ட நெலைக்கும்?"

நாகலெட்சுமியின் கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "டைல்ஸ் வீடுன்னீங்களே அண்ணே?"

"போடப்போறோம் தங்கச்சி..."

"எது மோசம்னு நீயே சொல்லும்மா," என்றார் செல்லசாமி போனைப் பார்த்து.

"கூரை ஒங்களோடது மோசம். கக்கூஸ் எங்களோடது."

கதவோரம் நின்ற சுலக்ஷனா சிரித்துவிட்டாள். பிறகு முன்னால் வந்தாள்.

"அத்தை, ரெண்டும் ஒண்ணுதான்னா ஒங்க மகன் இங்க வரட்டும். நான் கட்டிக்கிறேன். பிக்கப் இங்கயும் ஓடுது. ஆனையும் இல்ல."

"இங்கயா?" முருகவேல் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "இந்த ஓட்டத் தகரத்துக்குக் கீழ எம்புள்ள எப்பிடிப் படுப்பான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. இத்தனை நாள் எதை மறைக்கிறான், எதை மறைக்கிறான் என்று செல்லசாமி துருவிக்கொண்டிருந்தார். இனி அந்த வேலை இல்லை.

"பெரியப்பா, லைன்ல இருக்கீங்களா? பொண்ணு தருவீங்களா?" என்றது போன்.

"இல்லம்மா. நீ நேருல வந்து கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

முருகவேல் எழுந்து பையைத் தேடினான்.

"ஒக்காரு. சோறு தின்னுட்டுப் படு," என்றார் செல்லசாமி. "காலக் கோச்சிக்கு ஸ்டேஷன் வரைக்கும் நானே வாரேன். நீ ஏறுனத கண்ணால பாத்தாத்தான் எனக்கு நம்பிக்க."