ராக்கம்மாளின் வலது கை

"எந்தக் கையில எழுதுன? சொல்லுடி, எந்தக் கை?"

கருத்தக்கண்ணன் தங்கையின் கூந்தலை முறுக்கிப் பிடித்து அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு இழுத்து வந்தான். மதுரைத் தொழிற்பள்ளியிலிருந்து வந்த கடிதம் சாணித் தரையில் நாலாகக் கிழிந்து கிடந்தது. தபால்காரர் தெருவில் நின்று எல்லாரும் கேட்கப் படித்துவிட்டுப் போயிருந்தார். தையல் பிரிவில் இடம் உண்டு, ஆனி முடிவதற்குள் வந்து சேர வேண்டும்.

"தாலியறுத்தவளுக்கு மதுர கேக்குதோ? அங்கன போயி எவனுக்குச் சட்ட தைக்கப் போற? குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்? ஊரு என்ன பேசும்?"

"பொம்பளப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் குடுக்கிற வேலண்ணே..."

அறை விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. அவளுடைய வலது கையை இழுத்து அம்மிக்கல்லில் அமுக்கினான். ஆத்தாள் மலையம்மாள், "ஏலே, விட்டுருலே, ஒங் கூடப் பொறந்தவலே!" என்று ஓடி வருவதற்குள் உலக்கையின் இரும்புப் பூண் இறங்கிவிட்டது.

ராக்கம்மாளுக்குப் பதினாறு வயதில் புருசன் செத்துத் தாலி இறங்கியது. காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பி வந்து எட்டு வருடம். அண்ணன் வயலில் நாற்று நட்டாள், களை பறித்தாள், அவன் பிள்ளைகளுக்குப் பீத்துணி அலசினாள், மிஞ்சிய சோற்றைத் தின்றாள். கம்பத்தில் மெகருன்னிசா வீட்டுக்கு நெல் அவிக்கப் போன இடத்தில்தான் தையல் மிஷினைப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ரவிக்கை தைக்கக் கற்றுக்கொடுத்தாள். தொழிற்பள்ளியைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான். இரண்டு வருடப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு, முடித்தால் பெண்கள் பள்ளியில் உத்தியோகம்.

ராக்கம்மாள் உடனே தலையாட்டவில்லை. மூன்று மாதம் யோசித்தாள். ஊர் என்ன பேசும்? ஆத்தாள் என்ன ஆவாள்? மூணாம் வகுப்போடு நின்ற தலையில் படிப்பு ஏறுமா? ஆனால் இங்கேயே இருந்தால் என்ன என்று யோசித்தபோது, இன்னும் நாற்பது வருடம் இதே முற்றம்தான் கண்ணில் தெரிந்தது. விண்ணப்பத்தை அவளே எழுதிப் போட்டாள்.

ஆத்தாள் உளுந்துப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கையைக் கட்டினாள். மதினி வாசற்படியில் நின்று புருசனிடம் முறையிட்டாள்.

"நாளைக்கு நடவு. கைய ஒடைச்சுப்புட்டு நிக்கிறீகளே, நாத்து நட ஆளுக்கு எங்க போறது?"

கருத்தக்கண்ணன் தங்கையின் மறு கையைப் பார்த்தான். "இடது கை இருக்குல்ல," என்றான்.

குடும்ப மானம், ஊர்ப் பேச்சு என்று அவன் கத்தியதெல்லாம் எதற்கென்று ராக்கம்மாளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

மறுநாள் இடது கையால் இரண்டு வரிசை நட்டாள். பிறகு வரப்பேறி, சேற்றுக் காலோடு கம்பம் ரோட்டில் நடந்தாள். மெகருன்னிசா முக்காடு போட்டுக்கொண்டு வந்து அவளை மதுரை வண்டியில் ஏற்றிவிட்டாள். யுத்த காலத்துக் கரிவண்டி; பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக் கரிப்புகையில் ஓடும் பஸ். அடுப்பில் கங்கு பிடிக்காமல் கிளீனர் விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அதற்குள் கருத்தக்கண்ணன் வந்து சேர்ந்துவிட்டான்.

சேலையைப் பிடித்து இழுத்துப் படியில் தள்ளினான். இடுப்பில் மிதித்தான். "அண்ணன் தங்கச்சி விவகாரம், நமக்கென்னத்துக்கு?" என்று வண்டிக்குள் யாரோ சொன்னார்.

ராக்கம்மாள் எழுந்தாள். கட்டுப்போட்ட கையை வீசி அவன் முகத்தில் அடித்தாள். சிம்பு முறிந்து அவன் புருவம் பிளந்தது. நேற்று உலக்கை விழுந்தபோது வாயைத் திறக்காதவள் இப்போது வலியில் அலறினாள். அலறிக்கொண்டே மறுபடி அடித்தாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். தன் வீட்டுப் பெண் திருப்பி அடிப்பாள் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ராக்கம்மாள் படியேறினாள். வண்டி நகர்ந்தது.

பள்ளியில் தையல் ஆசிரியை ராஜமணி பதிவேட்டில் அவள் பெயரைத் தேடி எடுத்தாள். வீங்கிக் கறுத்த விரல்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எலும்பு கூடுறவரைக்கும் காத்திருக்கலாம்மா. ஆனா காப்பாளர் கையெழுத்து இல்லாம சேக்க முடியாது. ஆம்பள யாராச்சும் இருக்காகளா?"

"அண்ணன் இருக்காரு."

"அவுக கையெழுத்து?"

ராக்கம்மாள் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"இது அவரு போட்டதுதேன்."

ராக்கம்மாள் இடது கையால் பேனாவை எடுத்தாள். சேர்க்கைத் தாளில் காப்பாளர் என்று அச்சடித்த இடத்தில், எழுத்து எழுத்தாக, கோணல்மாணலாகத் தன் பெயரையே எழுதினாள். எழுதி முடிக்கும்வரை ராஜமணி தாளை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.