தொரைய மடக்கு

"தொரைய மடக்கு! மூலைல மடக்கு!"

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் லயத்தில் எழுந்த இந்தக் கூச்சல் கங்காணி தம்புசாமியின் காதில் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை காலை தோட்டக் கூலி நாகமுத்து ஆபீசில் நின்றான். மேசைமேல் அவனுடைய பலகை. கரியால் இழுத்த கோடுகள். ஐந்து சிவப்புக் கற்கள், ஒரு வெள்ளைக் கல்.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆட்கள் பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்து நான்கு நாளாகிறது. வெள்ளைக்காரத் துரை பயந்துபோயிருந்தார். அவரைவிடப் பயந்திருந்தார் ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி விஜயரட்ணம்.

"உதென்ன, வரைபடமோ?"

"வெளையாட்டுங்கய்யா. ஆறு மாசமா ரோசன பண்ணி நானே கண்டுபிடிச்சது."

"வெள்ளைக்குத் துரையெண்டு பேர் வைச்சது ஆர்?"

"வெள்ளையா இருக்குதுங்களே... வாய்ல வந்திருச்சுங்க."

கிராணி சிரிக்கவில்லை. "எப்பிடி விளையாடுறது?"

"செவப்பு முன்னாலதான் போவும், பின்வாங்காது. வெள்ள நாலு பக்கமும் போவலாம். செவப்பு பொறப்பட்ட கோட்டுக்கு வந்துட்டா வெள்ளைக்கு ஜெயம். நகர எடமில்லாம மடங்கிட்டா செவப்புக்கு. மொற வந்தா நகத்தியே ஆவணும்."

"ஆர் வெல்லுறது?"

"எப்பவும் வெள்ளதாங்கய்யா. அதான் வெளையாட்டு இன்னும் சரியா வரல."

"வெள்ளை எனக்கு. வெள்ளை வெண்டால் உது விளையாட்டு. சிவப்பு வெண்டால் உது திட்டம். பின்னேரத்துக்குள்ள நீயும் பெண்சாதியும் தோட்டத்தை விட்டுப் போகவேணும்."

நாகமுத்துவுக்கு மூச்சு வந்தது. மனைவி ராமாத்தாள் எட்டு மாதக் கர்ப்பிணி. அவளை எங்கே கூட்டிப்போவது? நல்லவேளை, ஆறு மாதத் தோல்வி காப்பாற்றப் போகிறது.

கிராணி உட்கார்ந்தும் அவன் நின்றும் ஆடினார்கள். நாகமுத்து வேண்டுமென்றே நான்கு சிவப்புகளை எதிர்க்கோடுவரை ஓடவிட்டான். பின்னால் பலகை வெட்டவெளியாகத் திறந்து கிடந்தது. லயத்து ஆட்கள் என்றால் வெள்ளையை ஒரே ஓட்டமாக ஓட்டியிருப்பார்கள். கிராணியோ மூலைக்கும் அடுத்த புள்ளிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அய்யா, இந்தப் பக்கம் காலியா கெடக்குதுங்க."

"தெரியும். கண்ணி வைக்கிறாய்."

வெள்ளை மறுபடி மூலைக்குள் போய் ஒதுங்கியது.

நாகமுத்து பலகையைப் பார்த்தான். நான்கு சிவப்பும் எல்லைக்கோட்டில் முட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்று மூலைக்குப் பக்கத்திலேயே. நகரக்கூடியது ஐந்தாவது கல் மட்டும். அது ஒரு புள்ளி முன்னேறினால் வெள்ளை மடங்கிவிடும்.

"அய்யா, அந்த வெள்ளைய எடுத்து வேற எடத்துல வையுங்க..."

"முறை உன்ர. நகர்த்து."

நகர்த்தினான். ஆறு மாதம் வராதது வந்துவிட்டது. அந்தப் பயத்திலும் உள்ளே ஏதோ துள்ளியதை நினைத்து அவனுக்கே அதிர்ச்சி.

விஜயரட்ணம் வெள்ளைக் கல்லைப் பக்கவாட்டில் தள்ளப் பார்த்தார். முன்னே தள்ளப் பார்த்தார். விரல் அப்படியே நின்றது.

பிறகு எழுந்துபோய் ஆபீஸ் கதவைச் சாத்தித் தாழ்போட்டார். திரும்பி வந்து கற்களை முதலிலிருந்து அடுக்கினார். பலகையை மெல்லத் திருப்பி, வெள்ளையை நாகமுத்துவின் பக்கம் வைத்துவிட்டு, ஐந்து சிவப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.