தேயாத கட்டி

சகலையை இந்தப் படகுப் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்த இரண்டே வருஷத்தில், முதலாளி வாயைத் திறந்தால் அவன் பேச்சுதான். வீட்டுக்குப் போனால் மனைவியும் அதே பாட்டு: "என் தங்கச்சி வீட்டுக்காரரப் பாருங்க, எவ்ளோ பொறுமை." எனக்குப் பொறுமை இல்லாமலா இவளோடு பதினொரு வருஷம் குடும்பம் நடத்துகிறேன்? வயிறு எரியத்தான் செய்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

தலைமை மெக்கானிக் நானா அவனா என்று முதலாளி திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது. சனிக்கிழமை காலை அந்த வெள்ளைப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கினோம்.

படகுக்கு அடியில் புரொப்பல்லரைச் சுழற்றும் உலோகப் பாகமான டிரைவில் துத்தநாகக் கட்டிகள் மாட்டியிருக்கும். உப்புத் தண்ணீர் முதலில் அவற்றைத்தான் அரிக்கும். அவை கரைவதால் டிரைவ் பிழைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதியது போடுவோம். இந்தப் படகுக்குப் போன வருஷம் போட்டவன் சகலை. பாசியைச் சுரண்டிப் பார்த்தேன். மூன்று கட்டிகளும் போட்ட அன்று இருந்தபடியே முழுசாக இருந்தன. மேலே கறுப்புப் பெயின்ட். பெயின்ட் பட்ட கட்டி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு வேலையும் செய்யாது. டிரைவ்தான் அம்மைத் தழும்பு முகம்போலக் குழி குழியாகக் கிடந்தது.

சிக்கினான் என்று நினைத்தேன். மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

"சார், இங்க கொஞ்சம் வாங்க," என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன். "உங்க செல்லப் பிள்ளை பாத்த வேலைய வந்து பாருங்க."

முதலாளி குனிந்து விரலால் தடவினார். "கட்டி மேல யாருய்யா பெயின்ட் அடிச்சது?"

சகலை என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

போன வருஷம் அவன் கட்டிகளைப் போட்டு முடித்ததும், படகுக்கார அம்மா "எவ்ளோ நேர்த்தியா செஞ்சிருக்கீங்க" என்று அவனைப் பாராட்டினார். எனக்குத் தாங்கவில்லை. "தள்ளு, டிரைவுக்குப் பெயின்ட்ட நான் அடிக்கிறேன்" என்று பிரஷ்ஷைப் பிடுங்கினேன்.

"அண்ணா, கட்டிய மட்டும் டேப் ஒட்டி மூடிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று, வந்த கோபத்தில் எல்லாவற்றையும் பூசித் தள்ளிவிட்டேன்.

இப்போது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். போட்டுக்கொடுத்தால் ஆயுசு முழுக்க அவனை நிம்மதியாகத் திட்டலாம்.

"நான் பக்கத்துலதான் சார் இருந்தேன்," என்றான். "பாத்துட்டு விட்டிருக்கக் கூடாது. தப்புதான்."

யார் அடித்தது என்று சொல்லவில்லை. முதலாளி அவனையே முறைத்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை என்னுடையது. அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, நான் பூசிய கட்டியைக் கழற்றத் தரையில் உட்கார்ந்தான். பழியைக்கூட இவனே அழகாகச் சுமந்துகொண்டு போவதா? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அடிச்சது நான்தான் சார். இவன் வேணாம்னுதான் சொன்னான்."

முதலாளி விரலைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை. சாயங்காலமே அவன் பெயரைச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி தட்டை வைத்தபடி சொன்னாள்: "தங்கச்சி போன் பண்ணா. நீங்க உண்மைய ஒத்துக்கிட்டத அவர் பெருமையா சொன்னாராம். அண்ணா மாதிரி எனக்கு தைரியம் வராதுன்னாராம்."

என்னைப் பாராட்டுவதில்கூட அந்தப் பாவிதான் பெரிய மனுஷன் ஆகிவிட்டான்.